நானூற்று நாற்பத்தொரு சில்லுகள்

கண் ஆஸ்பத்திரியில் ஏழு இருபதுக்கு டோக்கன் ஜன்னல் திறந்தது. மேஸ்திரிக்குப் பதினொன்றாம் எண் கிடைத்தது. அவர் மனைவி அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பலகையில் எண் விழும்போது பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

இடது கண் நான்கு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. நடுப்பார்வை மட்டும். ஓரத்தில் தெரியும், எதை நேராகப் பார்க்கிறாரோ அது தெரியாது. வயதானால் வருகிற நோய் என்றார்கள். அப்போது தாமதமாக வந்தார்கள். வலது கண்ணில் அதே நோய் தொடங்கியபோது தாமதிக்கவில்லை. எட்டு ஊசி போட்டாயிற்று. கண்ணுக்குள்ளேயே போடுகிற ஊசி. ஒன்பதாவது வேண்டுமா என்று இன்று சொல்வார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் தரையைப் பார்த்தார். எங்கே போனாலும் முதலில் தரையைப் பார்ப்பார்.

"எவன் போட்டது இது? மூலைக்கு வந்ததும் துண்டு வெட்டி ஒட்டியிருக்கான். சுவத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கான் மடையன். நடுவுல இருந்துல்ல ஆரம்பிக்கணும்."

"மெதுவாப் பேசுங்க. ஆஸ்பத்திரி."

"அதனாலதான் சொல்றேன். படுத்துக் கெடக்குறவன் இதைத்தானே பாத்துட்டுக் கெடக்கணும்."

"படுத்துக் கெடக்குறவன் மேல பாப்பான். தரையவா பாப்பான்?"

அவர் மேலே பார்த்தார். அங்கே குறை சொல்ல எதுவும் இல்லை.

முப்பத்தெட்டு வருஷமாகத் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். வேலையிடத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். ரசமட்டப் பலகையைத் தரையில் வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்பதற்குள் இவர் சொல்லிவிடுவார், இந்தப் பக்கம் ஒரு நூல் அளவு ஏறியிருக்கு என்று. அவரிடம் பந்தயம் கட்டியவர்கள் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

படம் எடுக்கும் அறை சிறியது. விளக்கு அணைத்திருந்தது. படம் எடுக்கும் பெண்ணுக்கு ஜலதோஷம். முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னாள்.

"பச்சைப் புள்ளியைப் பாருங்க ஐயா. சிமிட்டாதீங்க. அவ்ளோதான்."

முடிந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக ஒரு படம். அவர் முகத்தைச் சாய்த்து வலது கண்ணைக் கிட்டே கொண்டுபோனார்.

"தரையை வெட்டிப் பாத்த மாதிரி இருக்கு."

"அப்படித்தான் ஐயா. விழித்திரையைக் குறுக்க வெட்டினா எப்படி இருக்கும்? அது. வெட்டாமலே."

"மேல டைலு. அடியில கலவை. அதுக்கும் அடியில காங்கிரீட்டு. இங்க என்ன மேடு?"

"அங்கதான் முன்னாடி தண்ணி கசிஞ்சுது. இப்ப வத்திருச்சு. மேடு மட்டும் நிக்குது."

"தட்டிப் பாத்தா பொக்குன்னு சத்தம் கேக்கும்," என்றார் மேஸ்திரி. மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவளுக்குப் புரிந்தது. அடியில் இடைவெளி விட்டுப் பொக்கு விழுந்த டைல்ஸ் இன்று நிற்கும், என்றாவது தூக்கும்.

டாக்டர் அதே படத்தைத் தன் அறையில் வைத்திருந்தார். நடுவயதுப் பெண். அவசரமில்லாமல் பேசினார்.

"கண்ணு இன்னைக்குக் காஞ்சிருக்கு ஐயா. அது நல்ல விஷயம். ஆனா இதைக் கேளுங்க. பல ஆயிரம் பேரோட படத்தை இந்தக் கம்ப்யூட்டர் படிச்சு வெச்சிருக்கு. ஊசி நிறுத்தின பிறகு யாருக்குத் திரும்ப வந்துச்சு, யாருக்கு வரலைன்னு அதுக்குத் தெரியும். உங்க மேட்டோட உயரம், விளிம்பு, உள்ள இருக்குற புள்ளிங்க, எல்லாத்தையும் பாத்துட்டு ஒரு எண் சொல்லுது. மூணு மாசத்துல திரும்பக் கசியறதுக்கு நூத்துக்கு எழுபத்தெட்டு."

"அப்ப இருபத்திரண்டு கசியாதுன்னும் சொல்லுதுல்ல?"

"சொல்லுது."

"நான் அந்தப் பக்கம்னு வெச்சுக்கங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஊசியை நிறுத்த வேண்டாம்னு நான் நெனைக்கிறேன்."

"இப்பத் தண்ணி இருக்கா?"

"இல்ல."

"கோடு எனக்கு வளைஞ்சு தெரியுதா?"

"இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"இல்லாத விரிசலுக்கு எதுக்கும்மா பூச்சு?"

"போட்டுக்கங்களேன்," என்றாள் மனைவி.

"உன் கண்ணுலயா குத்தப் போறாங்க?"

டாக்டர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு டாக்டர் வேறு வழி சொன்னார். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து படம் எடுக்க வேண்டும். கசிவு தெரிந்த அன்றே ஊசி. அதோடு வீட்டில் தினமும் பார்க்க ஒரு தாள் கொடுத்தார். சதுரக் கட்டங்கள், நடுவில் கறுப்புப் புள்ளி. புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றியுள்ள கோடுகளில் ஒன்றாவது வளைந்து தெரிந்தால் உடனே கிளம்பி வர வேண்டும்.

மேஸ்திரி தாளை வாங்கி ஓரம் பார்த்தார். "கோடு நேரா இருக்கான்னு பாக்க எனக்குச் சொல்லித் தரணுமா?"

"கோடு வளையுறதுக்கு முன்னாடியே படத்துல தெரிஞ்சிடும் ஐயா. கட்டம் நேராத்தானே இருக்குன்னு வராம இருந்துடாதீங்க. இருக்குறது இந்த ஒரு கண்ணு."

"தெரியும்."

தாள் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு எதிரே ஒட்டப்பட்டது. காலையில் பல் தேய்த்ததும் அதன்முன் நிற்பார். தேநீர் ஆறும்வரை நிற்பார்.

"என்ன சொல்லுது?" என்பாள் அவள்.

"உன்னை மாதிரி இல்ல. நேரா இருக்கு."

முதல் மாதம் போனார்கள். கண் காய்ந்திருந்தது. எண் மட்டும் எண்பத்துமூன்று ஆகியிருந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னார்: "ரேடியோக்காரன் தினம் மழை மழைங்குறான் பாரு, அந்தக் கதை. ஒரு நாளைக்குப் பெய்யும். அன்னைக்கு, நான்தான் சொன்னேனேம்பான்."

அந்த வாரமே மழை தொடங்கியது. பன்னிரண்டு நாள் விடவில்லை. சமையலறைச் சுவர் ஓதம் இழுத்தது. தாள் உப்பி, ஓரம் சுருண்டது. அவர் அதைப் பிய்த்து எடுத்து மேசைமேல் விரித்தார்.

"இஸ்திரிப் பெட்டியைக் குடு."

அவள் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாளைக்கு இருநூறு விரிப்பு.

"தாளுக்கா?"

"சட்டைக்கு மட்டும்தான் போடுவியா?"

அவளே போட்டுக் கொடுத்தாள். மறுபடி ஒட்டினார். இரண்டு நாளில் மறுபடி பிய்த்தார். ஈரம் குடிச்சிருச்சு என்றார். அவள் கைவைத்துப் பார்த்தாள், ஈரம்தான். மூன்றாம் முறை ஒரு பலகையில் பசை தடவி, காற்றுக் குமிழி இல்லாமல் நீவி ஒட்டினார். அதற்குள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். தனியாக நின்று பார்த்தார். புள்ளிக்குக் கீழே இரண்டு கோடுகள் தொய்ந்திருந்தன. இடப்பக்கம் ஒன்று உள்ளே ஒடுங்கியிருந்தது.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் பார்த்த வளைந்த கோடுகள் எல்லாம் உண்மையில் வளைந்தே இருந்தன. பெயர்த்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார். பலகையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

"அந்தத் தாள் தேறாது," என்றார் மாலையில். "அச்சடிச்சவனும் ஒழுங்கில்ல, ஒட்டின சுவரும் ஒழுங்கில்ல. நானே போட்டுக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். ஐம்பது வயது. இருபத்தாறு வருஷமாக மேஸ்திரிக்குக் கலவை போடுகிறவன். அவருக்கு மைத்துனன் என்பதைவிட அதுதான் பெரிய உறவு. குளியலறை வேலையில் மிஞ்சிய வெள்ளைக் கண்ணாடிச் சில்லுகள் ஒரு பை இருந்தன. ஒரு அங்குலச் சதுரம். வலையில் ஒட்டி வருபவை. அவற்றை வெந்நீரில் ஊறவைத்து வலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பக்கத்துக்கு இருபத்தொன்று. மொத்தம் நானூற்று நாற்பத்தொன்று. நடுவில் வைக்க ஒரே ஒரு சிவப்பு.

"நூல் புடிக்கட்டுமா மாமா?"

"ரெண்டடி இடத்துக்கு நூலா? வெளிய சொல்லிடாத மச்சான், சிரிப்பாங்க."

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குறவன் கலவையைக் கிண்டு. கட்டி தட்டுது."

தாள் இருந்த சமையலறைச் சுவரில் சிவப்பை முதலில் வைத்தார். நடுவிலிருந்து வெளியே போனார். டாக்டர் சொன்ன முறையில், பார்வையைச் சிவப்பிலேயே நிறுத்திக்கொண்டு, மற்றச் சில்லுகளை விரல்நுனியால் தள்ளினார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எட்டு பின்னால் வந்து நின்று பார்த்தார். மறுபடி போய் நகர்த்தினார். சிலவற்றை ஆறேழு தடவை. மைத்துனன் ஒருமுறை வாயைத் திறந்தான். பிறகு கலவைச் சட்டியைக் கழுவப் போனான்.

மதியம் கறுப்புக் கலவையால் இடுக்குகளை நிரப்பி, ஈரத்துணியால் துடைத்தார். மனைவியைக் கூப்பிட்டார். தோளைப் பிடித்து நேர் எதிரே நிறுத்தினார்.

"எப்படி?"

அவள் பார்த்தாள். சிவப்புச் சில்லுக்குக் கீழே மூன்று வரிசைகள் மேல்நோக்கி வளைந்திருந்தன. இடப்பக்கம் ஒரு வரிசை வெளியே பிதுங்கியிருந்தது. இடுக்கு ஓரிடத்தில் விரல் அகலம். ஓரிடத்தில் இல்லவே இல்லை. இந்த வீட்டின் தரை முழுக்க அவர் பதித்தது. கல்யாணமான வருஷம் பதித்தது. அதன் ஒரு கோட்டைக்கூட அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை, சொல்ல இருந்ததில்லை.

கலவை ஈரத்தில் அவர் கைவிரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"நல்லா இருக்கு," என்றாள்.

"நல்லா இருக்கா, நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு. கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

இரண்டாம் மாதத்துத் தேதி வந்தது. மழைக்காலம் போகட்டும் என்றார். தேதி தாண்டி ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. படம் எடுக்கும் பெண்.

"ஐயா, ஏன் வரலை?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தினம் காலையில பாக்குறேன். கட்டம் குண்டூசி மாதிரி நேரா இருக்கு."

"நேரா இருந்தாலும் வாங்க ஐயா. உங்களோடது அதிக எண்ணு."

"உன் மெஷினு சொல்றது வரப்போறது. என் சுவரு சொல்றது இருக்குறது. ஜலதோஷம் போச்சா உனக்கு?"

"போகலை ஐயா. நீங்க வாங்க."

"பள்ளிக்கூட வேலை முடியட்டும். முடிஞ்சதும் மொதல் வேலை அதுதான்."

பள்ளிக்கூடம் புதிதாகக் கட்டுவது. அறுபதடி நீள நடைகூடத்துக்கு டைல்ஸ். பாதி முடிந்திருந்தது.

மறுநாள் மதியம் மைத்துனன் சலவைக்கூடத்துக்கு வந்தான். அக்கா ஆவி நடுவில் நின்றிருந்தாள். இரண்டு பெண்கள் விரிப்பின் முனைகளைப் பிடித்து இஸ்திரி உருளைக்குள் கொடுக்க, அவள் மறுபக்கம் வாங்கி மடித்தாள். வாசல் பக்கம் வந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?"

"ரொட்டி தின்னேன். அக்கா, ஒண்ணு சொல்லணும். மாமாகிட்ட சொல்லிடாத."

"சொல்லு."

"அவரு வைக்கிற வரிசை ஓடிப்போகுது. மொத வரிசை நான் நூல் புடிச்சு வைக்கிறேன். அதை ஒட்டி அவரு வைக்கிறாரு. நாலாவது அஞ்சாவதுல இடுக்கு ஒதுங்குது. அவரு டீக்குப் போறப்ப, சாப்பிடப் போறப்ப, சாயங்காலம் கிளம்பினப்புறம், ஈரம் காயுறதுக்குள்ள நான் தட்டி நேராக்கிடுறேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

அவள் மறுபடி கழுத்தைத் துடைத்தாள். உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"சுவத்தைப் பாத்தேல்ல நீ," என்றான்.

"பாத்தேன்."

"கண்ணா இருக்குமோ?"

"கண்ணு நல்லாத்தான்டா இருக்கு. தினம் கேக்குறேன். கட்டம் நேரா தெரியுதுங்கிறாரு."

"கட்டமே நேரா இல்லையே."

"அது அவருக்கும் தெரியும். ஒத்துக்க மாட்டாரு. கை போச்சுடா. அறுபத்தேழு ஆகுது, கை ஆடாதா? கையும் போச்சு, கண்ணும் போச்சுன்னு அவர்கிட்ட யாரு போயி சொல்றது?"

"அதான் நானும் சொல்லலை."

"பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் பாத்துக்க. அப்புறம் நானே மெதுவா வீட்டுல உக்கார வெச்சுடுறேன்."

"சரிக்கா." அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். "இங்க எப்படி இருக்கீங்க எல்லாரும்? இட்டிலிச் சட்டிக்குள்ள இருக்குற மாதிரி இருக்கு."

"வெந்துட்டோம். இனி என்ன."

ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மேஸ்திரி நாலு மணிக்கு வேலையை முடித்துக் கிளம்பினார். கேட் வரை வந்ததும் தூறல் போட்டது. குடையை நடைகூடத்து ஜன்னலில் விட்டிருந்தார். திரும்பிப் போனார்.

ரப்பர்ச் சுத்தியல் சத்தம் கேட்டது. மைத்துனன் முட்டி போட்டு, அவர் கடைசியாக வைத்த வரிசையை ஓரத்தில் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

மைத்துனன் எழுந்திருக்கவில்லை. "ஒண்ணுமில்ல மாமா. லேசா ஒதுங்கியிருந்துச்சு."

"ஒதுங்கியிருந்துச்சா? நேரா இருந்த வரிசையைத் தட்டி வளைச்சு வெச்சிருக்க. பாரு. குடிச்சிருக்கியா?"

"மாமா, விடுங்க. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்குக் காஞ்சிடும். தள்ளு."

அவர் குனிந்து அந்த வரிசையைத் திரும்பத் தட்டினார். மைத்துனன் கையைப் பிடித்தான். கலவை போடுகிறவன் மேஸ்திரியின் கையைப் பிடிப்பதில்லை. இருவருக்குமே அது தெரியும்.

"எத்தனை நாளா பண்ற இதை?"

மைத்துனன் சுத்தியலைத் தரையில் வைத்தான்.

"எத்தனை நாளா கேக்குறேன்ல."

"ஒரு மாசமா."

"என் வரிசையை."

"மாமா..."

"நூலை எடு."

"எதுக்கு மாமா?"

"நீ நேரா நான் நேரான்னு பாத்துடலாம். எடு."

நைலான் நூல். மஞ்சள் நிறம். மைத்துனன் ஒரு முனையை கோடிச் சுவரோரம் ஆணியில் கட்டினான். மறுமுனையைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்தான். மேஸ்திரி நடுவில் முட்டி போட்டு, வலது கண்ணை நூலுக்கு நேரே கொண்டுவந்தார்.

"இழு."

"இழுத்திருக்கேன்."

"தொய்யுது. இழுடா."

"இழுத்துத்தான் மாமா இருக்கேன்."

அவர் விரலால் நூலைச் சுண்டினார். விண் என்று சத்தம் வந்தது. அதிர்ந்து நின்றது. பார்த்தார். அவர் பார்க்கிற இடத்தில் நூல் கீழே இறங்கி, மறுபடி ஏறிப் போயிற்று.

தலையை ஒரு முழம் நகர்த்தினார். இறக்கம் அவரோடு நகர்ந்தது.

"இன்னும் இழு."

"அறுந்துடும் மாமா."

அவர் மறுபடி சுண்டினார். அதே சத்தம். பிறகு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். ஈரக் கலவைமேல் உட்கார்ந்தது அவருக்குத் தெரியவில்லை. மைத்துனன் நூலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை டோக்கன் இல்லாமலே உள்ளே விட்டார்கள். படம் எடுக்கும் பெண் திரையை அவர் பக்கம் திருப்பவில்லை. அவராகத்தான் கேட்டார்.

"திருப்பும்மா."

திருப்பினாள். அவர் முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எனக்குச் சரியாத் தெரியலை. நீ சொல்லு."

"மேட்டுக்குப் பக்கத்துல தண்ணி இருக்கு ஐயா. அடியில ரத்தமும் இருக்கு."

"மேல இருக்குறது தூக்கியிருக்கா?"

"ஆமா ஐயா."

"எத்தனை நாளா இருக்கும்?"

"நாலு வாரத்துக்குக் குறையாது." அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். "வீட்டுல கட்டம் பாத்தீங்களா?"

"தினமும் பாத்தேன்."

"ஒரு நாள்கூட வளையலையா?"

"நேராத்தான் இருந்துச்சு."

"அந்தத் தாளு கொண்டு வந்திருக்கீங்களா?"

"தாளு இல்ல. மழையில போச்சு. நானே சுவத்துல போட்டேன். சில்லு வெச்சு."

அவள் எழுதப்போனாள். பேனா பாதியில் நின்றது. "எப்பப் போட்டீங்க ஐயா?"

"தாளு கோணலாத் தெரிய ஆரம்பிச்சப்புறம். என் கண்ணுக்கு நேராத் தெரியுற வரைக்கும் நகத்தி நகத்தி வெச்சேன்."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற அவர் மனைவியைப் பார்த்தாள். படிவத்தில் அந்த இடத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம் என்று மேஸ்திரிக்குத் தோன்றியது.

"இன்னைக்கே ஊசி போட்டுடலாம். தண்ணி வத்தும். நடுவுல வடு விழ ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு ஊசி எதுவும் செய்யாது."

"பழையபடி தெரியுமா?"

"பழையபடின்னு சொல்ல முடியாது ஐயா. இருக்குறதைக் காப்பாத்தப் பாக்குறோம். நடமாடலாம். ஆளு வர்றது தெரியும்."

"முகம்?"

டாக்டர் சொட்டுமருந்துக்கு எழுதிக் கொடுத்தார்.

ஊசி போட்டு, கண்மேல் மூடி வைத்து ஒட்டி, கூடத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்றார்கள். மைத்துனன் மருந்து வாங்கப் போயிருந்தான். வெளியே மழை விட்டிருந்தது. துடைப்பம் கொண்டு ஒருவர் வாசல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"தேநீர் வாங்கிட்டு வரவா?"

"வேணாம்."

"வலிக்குதா?"

"இல்ல."

அவர் அவள் பக்கம் திரும்பினார். திறந்திருந்த இடது கண்ணில் அவளுடைய தோள் தெரிந்தது, பை தெரிந்தது, பெஞ்சின் கால் தெரிந்தது.

"உன் தம்பி மேல எனக்குக் கோபம் இல்ல," என்றார். "அவன் என் கையைத்தான் பாத்தான்."

அவள் பையை மூடினாள்.

"நான் உன்னைக் கூப்பிட்டுச் சுவத்துக்கு முன்னாடி நிக்க வெச்சேன். ரெண்டு தரம் கேட்டேன்." அவர் குரல் உயரவில்லை. "அன்னைக்கு உன் கண்ணுக்கு அது எப்படித் தெரிஞ்சுது?"